மூன்றாவது முறைக்குப் பிறகு

முப்பத்தொரு வருஷம் ஒரே ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்து ஊர்ப் பெயர்களையெல்லாம் கூப்பிட்டவள் சீட்டக்கா. அவள் முகத்தைப் பார்த்தவர்கள் கொஞ்சம் பேர்தான். குரலைக் கேட்காதவர்கள் அந்த வட்டாரத்தில் யாரும் இல்லை.

மருத்துவமனையின் வெளிநோயாளர் கூடத்தில், மூலையில் மங்கல் கண்ணாடி போட்ட ஜன்னல் ஒன்று. அதன் அடியில் அரை நிலா வடிவத்தில் ஒரு துளை. நோயாளிகள் சீட்டை அதற்குள் நீட்டுவார்கள். ஒரு கை வந்து வாங்கிக்கொள்ளும். அப்புறம் அதே துளையிலிருந்து பெயர் வரும். கத்த மாட்டாள். கடைசி பெஞ்சில் இருப்பவனுக்கும் யாரோ பக்கத்தில் குனிந்து காதோரம் சொன்னதுபோலக் கேட்கும். கடைத்தெருவில் அவள் தக்காளி விலை கேட்டால்கூட, இரண்டு பேராவது தன்னை அறியாமல் ஒரு அடி முன்னால் வந்து நிற்பார்கள்.

அவளுக்கு ஒரு சட்டம் இருந்தது. டாக்டர் அறையில் மணி அடித்ததும் மேல் சீட்டை எடுப்பாள். பெயரைச் சொல்வாள். மனதுக்குள் ஐந்து எண்ணுவாள். ஆள் வரவில்லையா, இரண்டாவது முறை. மறுபடி ஐந்து. மூன்றாவது முறை. அதற்கும் "வந்துட்டேன்" என்று சத்தம் இல்லையென்றால் சீட்டு கட்டின் அடிக்குப் போய்விடும்.

"அக்கா, கக்கூஸ் வரைக்கும் போயிருந்தேன்க்கா. ரெண்டே நிமிஷம்."

"மூணு தடவை கூப்பிட்டாச்சு. சீட்டு அடியில இருக்கு. உக்காருங்க."

"நான் யாரு தெரியுமா?"

"பேரு தெரியும். அதைத்தான் மூணு தடவை சொன்னேன்."

பெரிய அதிகாரியின் மாமனாரையே ஒருமுறை ஒரு மணி நேரம் உட்கார வைத்திருக்கிறாள். அதற்காக அவளை யாரும் வெறுக்கவில்லை. இவள் இருக்கும்வரை வரிசையில் தில்லுமுல்லு நடக்காது என்று ஊருக்கு ஒரு நிம்மதி.

கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தம்பி வீட்டு மாடியறையில் வாசம். தம்பிக்கு வயது போன பிறகு பிறந்த ஒரே மகள், ஏழு வயது. வீட்டில் அவளுக்கு வாலு என்றுதான் பெயர். ஞாயிற்றுக்கிழமைகளில் ஆலயத்துப் பின்னறையில் சின்னப் பிள்ளைகளுக்கு வகுப்பு எடுப்பது சீட்டக்காவின் வேலை. வாலுவோடு சேர்த்துப் பதினொரு பேர். தலையை எண்ண மாட்டாள். பெயரைக் கூப்பிடுவாள்.

அவள் ஓய்வு பெற்ற மாதத்திலேயே மருத்துவமனை புதுக் கட்டிடத்துக்குப் போய்விட்டது. அங்கே சிவப்பு எண்கள் ஓடும் பலகைதான் ஆளைக் கூப்பிடுகிறது. பழைய கூடத்தைப் பூட்டிவிட்டார்கள். வீட்டில் சும்மா உட்கார்ந்திருந்தவளிடம் போதகர் வந்து சொன்னார்:

"அக்கா, கடவுள் கூப்பிட்டா நாம எப்படிப் போகணும்னு பிள்ளைங்களுக்கு ஒரு சின்னப் புத்தகம் வேணும். கடையில வாங்கறது ஒண்ணும் ஒட்ட மாட்டேங்குது. நீங்களே எழுதிக் குடுங்க."

"நானா பாஸ்டர்? நான் லீவ் லெட்டர் தவிர ஒண்ணும் எழுதினது இல்ல."

"கூப்பிடறதைப் பத்தி உங்களுக்குத் தெரிஞ்ச அளவுக்கு யாருக்கு அக்கா தெரியும்?"

அவர் பாதி விளையாட்டாகத்தான் சொன்னார். சீட்டக்கா அதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. மாடியேறிப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். ஒரே பிற்பகலில் எழுதி முடித்தாள். எழுதும்போது கண்ணில் நீர் நிற்காமல் வழிந்தது. யாரோ சொல்லச் சொல்ல எழுதியதுபோல இருந்தது என்று பிறகு தம்பி மனைவியிடம் சொல்லியிருக்கிறாள்.

கதை சின்னதுதான். ஒரு வீட்டில் ஒரு குழந்தை விளையாடிக்கொண்டிருக்கிறது. கடவுள் அதன் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறார். "இரு, இந்த வீடு கட்டி முடிச்சுட்டு வர்றேன்" என்கிறது குழந்தை. இரண்டாவது முறை கூப்பிடுகிறார். குழந்தைக்குச் சாப்பாட்டில் கவனம். மூன்றாவது முறை கூப்பிடும்போது அது போர்வைக்குள் தலையை இழுத்துக்கொள்கிறது. அப்புறம் காலடி ஓசை நகர்ந்து அடுத்த வீட்டு வாசலில் போய் நிற்கிறது. குழந்தை பதறி ஓடிவந்து பார்க்கும்போது தெருவில் யாரும் இல்லை. அடுத்த வீட்டுக் கதவு மட்டும் திறந்து கிடக்கிறது. கடைசிப் பக்கத்தில் ஒரே வரி: முதல் முறையிலேயே எழுந்துவிடு.

போதகர் நின்றபடியே படித்தார். ஒரு சாவு வீட்டில் அவர் நடத்த வேண்டிய அடக்க ஆராதனை காத்திருந்தது. "பிள்ளைங்க மனசுல ஆணி அடிச்ச மாதிரி நிக்கும் அக்கா" என்றார். அந்த வார்த்தை எவ்வளவு சரியாகப் பலிக்கப்போகிறது என்று அவருக்கும் அப்போது தெரியாது.

படம் போட்டது எக்ஸ்ரேக்காரர். அவரும் அதே மருத்துவமனையில் காலம் தள்ளியவர். கை நன்றாக ஓடும். ஆனால் யாரை வரைந்தாலும் நெஞ்சில் விலா எலும்பு லேசாகத் தெரியும்.

"ஏங்க, பிள்ளைக்கு ஒரு சட்டையைப் போட்டு விடுங்க. பட்டினி கிடந்த பிள்ளை மாதிரி இருக்கு."

"சட்டை போட்டுத்தான் இருக்குக்கா. என் கண்ணுக்கு உள்ள இருக்கறதுதான் முதல்ல படுது. பழக்கதோஷம்." பென்சிலைக் காதில் செருகிக்கொண்டார். "அது கெடக்கட்டும். கூப்பிடறவரை எப்படிப் போடறது?"

"அவரை வரைய வேணாம். வெளிச்சம் போடுங்க."

"வெறும் வெளிச்சம் போட்டா பக்கம் காலியாத் தெரியும்."

"உங்களுக்குத் தோணினதைப் போடுங்க."

அவர் ஒரு ஜன்னலைப் போட்டார். பனி படிந்ததுபோல மங்கலான கண்ணாடி. அடியில் அரை வட்டமாக ஒரு திறப்பு. அதன் வழியே வெளிச்சம் தரையில் வழிகிறது. அருமையாக வந்திருக்கிறது என்று இருவருமே நினைத்தார்கள். இருபது வருஷம் அவர் தினமும் கடந்து போன ஜன்னல், அவள் தினமும் உள்ளே உட்கார்ந்திருந்த ஜன்னல். ஆனாலும் அது எங்கேயிருந்து வந்தது என்று இரண்டு பேருக்கும் உறைக்கவில்லை.

ஜெராக்ஸ் கடையில் பதினொரு பிரதி எடுத்து, நடுவில் தைத்தார்கள். குழந்தையின் பெயர் வரவேண்டிய மூன்று இடங்களிலும் சீட்டக்கா புள்ளிக்கோடு மட்டும் விட்டிருந்தாள். மருத்துவமனைப் பதிவேட்டில் எழுதிய அதே கறுப்புப் பேனாவால், ஒவ்வொரு பிரதியிலும் ஒவ்வொரு பிள்ளையின் பெயரை மும்மூன்று முறை தன் கையாலேயே நிரப்பினாள். கடவுள் பொதுவாகக் கூப்பிடுவதில்லை, உன்னைத்தான் கூப்பிடுகிறார் என்று பிள்ளைகளுக்குப் புரிய வேண்டும் என்பது அவள் ஆசை.

அந்த ஞாயிறன்று பதினொரு பேரையும் தரையில் வரிசையாக உட்கார வைத்து வாசித்துக் காட்டினாள். ஒவ்வொரு பெயரையும் தன் பழைய குரலில் கூப்பிட்டாள். ஒவ்வொருவராக எழுந்து "வந்துட்டேன்" என்று சொல்லிப் புத்தகத்தை வாங்கிக்கொண்டார்கள். பதினொரு பேரில் கடைக்குட்டி மட்டும் வாங்கியதும் அதை மடிக்கடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டது.

அடுத்த வாரமே அம்மாக்கள் அவளைச் சூழ்ந்துகொண்டார்கள்.

"என்ன மந்திரம் போட்டீங்க? முன்ன தொண்டைத் தண்ணி வத்தக் கத்தணும். இப்ப பேரைச் சொல்லி வாயை மூடறதுக்குள்ள முன்னால வந்து நிக்கறான்."

"அப்படியே என் வீட்டுக்காரர் பேர்லயும் ஒரு புக்கு எழுதிக் குடுத்துடுங்களேன்" என்றாள் இன்னொருத்தி. எல்லோரும் சிரித்தார்கள். சீட்டக்காவும் சிரித்தாள். வாழ்நாளில் அத்தனை பேர் அவளைச் சுற்றி நின்று சிரித்தது அதுதான் முதல் தடவை.

மூன்றாவது ஞாயிறு, பிள்ளைகளோடு சேர்ந்து அவள் பாடிக்கொண்டிருந்தாள். இரண்டாவது அடியின் நடுவில் பதினொரு வாயும் சட்டென்று மூடிக்கொண்டது. பதினொரு தலையும் வாசல் பக்கம் திரும்பியது. யாரோ கயிறு கட்டி இழுத்ததுபோல எல்லோரும் ஒன்றாக எழுந்தார்கள்.

"வந்துட்டேன்."

அவள் குரல் மட்டும் தனியாக இரண்டு சொல் பாடி நின்றது. வாசலில் யாரும் இல்லை. நடையில் சுவரோரம் சாய்த்து வைத்த துடைப்பமும், ஈரத் தரையும்தான். அந்த ஈரத்தில் கால் தடம் எதுவும் இல்லை.

"யாரு கூப்பிட்டா?"

"நீங்கதான் அத்தை" என்றது கடைக்குட்டி.

"நான் பாடிட்டு இருந்தேனே."

"பாடிட்டே கூப்பிட்டீங்க."

"யாரைக் கூப்பிட்டேன்?"

"என்னை" என்றார்கள் பதினொரு பேரும்.

பிள்ளைகள் விளையாட்டுக் காட்டுகிறார்கள் என்று நினைத்துக்கொள்ள முயன்றாள். ஆனால் யாரும் சிரிக்கவில்லை, ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவும் இல்லை.

வீட்டில் வாலுவிடம் மாற்றம் தெரிய ஆரம்பித்தது அதற்குப் பிறகுதான். ஒரு நிமிஷம் ஓரிடத்தில் நிற்காத பிள்ளை, தலையை ஒரு பக்கமாகச் சாய்த்தபடி நடக்கத் தொடங்கியது. குளிக்கும்போது குழாயைத் திறக்காது. வாளித் தண்ணீரைச் சத்தமில்லாமல் தோளில் வழியவிடும். முறுக்கைக் கையில் கொடுத்தால் ஊறவைத்துத் தின்னும். மின்விசிறி ஓடினால் எழுந்து போய் அணைத்துவிடும். தூக்கம் அறவே போய்விட்டது. படுத்திருக்கும், கண் திறந்தே இருக்கும்.

"அண்ணி, இவளுக்கு என்னவோ ஆயிடுச்சு. காது டாக்டர்கிட்ட காட்டினேன். காது ரொம்ப நல்லாக் கேக்குதும்மா, தேவைக்கு மேலேயே கேக்குதுங்கறாரு. அதைச் சொல்றதுக்கு ஒரு டாக்டரா?" தம்பி மனைவி கோபமாகத்தான் பேசினாள். கை மட்டும் சேலைத் தலைப்பைத் திருகிக்கொண்டே இருந்தது.

சீட்டக்கா பிள்ளையை மாடிக்குக் கூட்டிப்போய் மடியில் வைத்துக்கொண்டாள்.

"என்னடா தங்கம்? எதுக்கு இப்படி இருக்கே?"

வாலு கதவைப் பார்த்துக்கொண்டே மெல்லச் சொன்னது: "ரெண்டு தடவை ஆயிடுச்சு அத்தை."

"எது ரெண்டு தடவை?"

"என்னைக் கூப்பிட்டது. ஒரு தடவை நான் தூங்கிட்டிருந்தேன். இன்னொரு தடவை மிக்ஸி ஓடிட்டிருந்துச்சு. வந்துட்டேன்னு சொல்லல." இரண்டு விரலை மடக்கி மூன்றாவதைப் பிடித்துக் காட்டியது. "இன்னும் ஒண்ணுதான் இருக்கு."

"அப்படியெல்லாம் இல்லடா. கடவுள் அப்படிக் கணக்குப் பாக்க மாட்டாரு."

"புக்ல அப்படித்தானே இருக்கு?"

"அது... கதைடா."

"என் பேரு போட்டிருக்கே. நீங்கதானே எழுதினீங்க?"

சீட்டக்கா பிள்ளையின் நெற்றி முடியை ஒதுக்கிவிட்டாள். பிள்ளை உறங்கியாக வேண்டும். இப்படியே போனால் உடம்பு தாங்காது. ஆனால் அவள் எழுதியதை அவளே பொய் என்று சொன்னால், இனி எதைச் சொல்லி நம்பவைப்பது?

அதற்கு இரண்டு நாள் கழித்து, பள்ளி அரை நாளோடு விட்ட ஒரு மத்தியானம், வாலுவைக் காணவில்லை. தம்பி மனைவி தெருவில் வீடு வீடாகத் தட்டிக்கொண்டு போனாள். சீட்டக்கா பிள்ளையின் படுக்கையைப் புரட்டினாள். தலையணைக்கடியில் புத்தகம் ஜன்னல் படத்தில் திறந்து கிடந்தது. அந்தப் பக்கத்தைத்தான் பிள்ளை திரும்பத் திரும்பப் பார்த்திருக்க வேண்டும், ஓரம் அழுக்கேறியிருந்தது. மங்கல் கண்ணாடி. அரை வட்டத் திறப்பு. அது தன் ஜன்னல்தான் என்று அப்போதுதான் அவளுக்குப் பொட்டில் அடித்ததுபோலத் தெரிந்தது. சின்ன வயதில் சளிக்கும் காய்ச்சலுக்கும் இந்தப் பிள்ளையை எத்தனை முறை அந்தக் கூடத்துக்குத் தூக்கி வந்திருக்கிறார்கள்!

செருப்பைக்கூடப் போடாமல் ஓடினாள். பழைய கட்டிடத்தின் வாசலில் வாட்ச்மேன் நாற்காலியிலிருந்து எழுந்து, வந்தவளையும் உள்ளே இருட்டாகக் கிடந்த நடையையும் மாறி மாறிப் பார்த்தார்.

"என்னக்கா, வெளியேர்ந்து வர்றீங்க?"

"பிள்ளை வந்துதா? தம்பி பொண்ணு?"

"வந்துச்சு. அத்தை கூப்பிடறாங்கன்னு சொல்லுச்சு. பூட்டின கட்டிடத்துல அத்தை எங்கேர்ந்து வந்தாங்கன்னு கேக்கத்தான் வாயைத் திறந்தேன். அதுக்குள்ள உள்ள உங்க குரல் கேட்டுச்சு. அதான் திறந்து விட்டேன்." அவர் தொண்டையைச் செருமினார். "நீங்க உள்ளதானே இருந்தீங்க?"

அவள் அவரைத் தாண்டி உள்ளே ஓடினாள்.

கூடத்தில் பெஞ்சுகளைப் பாதி அடுக்கியும் பாதி அப்படியே விட்டும் போயிருந்தார்கள். மேலே கண்ணாடி ஓடு வழியாக விழுந்த வெளிச்சத்தில் தூசி அசையாமல் நின்றது. மூன்றாவது பெஞ்சில், ஓரமாக, கால் தரைக்கு எட்டாமல் வாலு உட்கார்ந்திருந்தது. பக்கத்தில் ஒரு ஆள் உட்காரும் அளவுக்கு இடம் விட்டிருந்தது. அத்தையைப் பார்த்ததும் உதட்டில் விரலை வைத்தது.

"மெதுவா வாங்க. தாத்தா தூங்கறாரு."

"எந்தத் தாத்தா?"

"இவருதான்." காலி இடத்தைக் காட்டியது. "இவரையும் ரெண்டு தடவை கூப்பிட்டாச்சு. எந்திரிக்கவே மாட்டேங்கறாரு. மூணாவது தடவை கூப்பிட்டதும் நான் எழுப்பி விடறேன். இல்லேன்னா அடுத்து என் பேரு வந்துடும்."

சீட்டக்கா நின்ற இடத்திலேயே நின்றாள். பதினொரு வருஷத்துக்கு முந்தைய ஒரு காலை நினைவுக்கு வந்தது. தோளில் துண்டு போட்ட ஒரு பெரியவர் துணைக்கு ஆள் இல்லாமல் வந்து சீட்டை நீட்டினார். முறை வந்தபோது மூன்று தடவை கூப்பிட்டாள். சீட்டை அடியில் வைத்தாள். கட்டு தீர்ந்து, கடைசியாக அவர் சீட்டு மறுபடி மேலே வந்தது. மறுபடி மூன்று தடவை கூப்பிட்டாள். அதன்பிறகு தரை துடைக்க வந்தவர்தான் அவர் தோளைத் தொட்டார். மூன்றாவது பெஞ்சு. இதே ஓரம். முதல் முறை பெயர் சொன்னபோது அவருக்கு உயிர் இருந்ததா இல்லையா என்று எந்த டாக்டராலும் சொல்ல முடியவில்லை. அவள்மேல் தப்பில்லை என்று எழுதிக் கோப்பை மூடினார்கள். அவள் அதை வீட்டில் யாரிடமும் சொன்னதில்லை. பிள்ளை அப்போது பிறந்திருக்கவே இல்லை.

அவள் போய் அந்தக் காலி இடத்தில் உட்காரவில்லை. அதற்கு மறுபக்கம் உட்கார்ந்தாள். இருவருக்கும் நடுவில் இடம் அப்படியே இருந்தது. முப்பத்தொரு வருஷத்தில் இந்தப் பெஞ்சுகளில் ஒன்றிலும் அவள் உட்கார்ந்ததில்லை. இங்கிருந்து பார்த்தால் ஜன்னலுக்குப் பின்னால் ஆள் இருப்பதே தெரியாது. ஒரு துளை மட்டும் தெரிகிறது. அதற்குள் இருட்டு.

"தங்கம், அத்தை ஒண்ணு சொல்றேன். மூணு தடவைங்கறது கடவுள் சொன்னது இல்ல. நான் சொன்னது. இங்க நான் உக்காந்து வெச்ச சட்டம் அது. அதைத் தெரியாம அவரு தலையில கட்டிட்டேன்."

"நீங்க எதுக்கு மூணு தடவை வெச்சீங்க?"

"வரிசை நீளம்டா. டாக்டர் ஒரு மணிக்குக் கிளம்பிடுவாரு."

வாலு யோசித்தது. "கடவுள் எத்தனை மணிக்குக் கிளம்புவாரு?"

"அவரு கிளம்பறதில்ல."

"அப்ப கூப்பிட்டு யாரும் வரலேன்னா என்ன பண்ணுவாரு?"

இதற்கு ஒரு நல்ல பதிலை எடுத்துவிடுவது அவளுக்குக் கஷ்டமில்லை. ஞாயிறு தோறும் சொல்கிறவள்தானே. ஆனால் நடுவில் இருந்த அந்த இடத்துக்கு முன்னால் பொய் வரவில்லை.

"தெரியலடா. நான் ஒரு நாளும் எந்திரிச்சு வந்து பார்த்தது இல்ல. கதவைத் திறந்து பத்து அடி வந்திருந்தாப் போதும். வரல."

"சரி, இந்தத் தாத்தாவை யாரு எழுப்பறது?"

சீட்டக்கா கையை நீட்டி, அந்தக் காலி இடத்தில், ஒருவர் கை இருக்கக்கூடிய உயரத்தில், காற்றில் வைத்தாள். அப்புறம் கீழே இறக்கினாள். பலகை சூடாக இருந்தது, இப்போதுதான் யாரோ எழுந்து போனதுபோல. வாலு அந்தப் பக்கம் எட்டிப் பார்த்துவிட்டு, "எந்திரிச்சுட்டாரு" என்றது. அதைச் சாதாரணமாகத்தான் சொன்னது.

வீட்டுக்கு வந்ததும் பெயர் எழுதிய புத்தகங்களைத் திரும்ப வாங்கப் புறப்பட்டாள் சீட்டக்கா. பிள்ளைகள் பலர் கொடுக்க மறுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்கள். ஒரு அம்மா முகத்துக்கு நேராகவே கேட்டாள்: "இப்பத்தான் ஒரு பேச்சுக்கு அடங்கறான். அதைக் கெடுக்கணுமா?"

"அவன் ராத்திரி தூங்கறானா?"

அந்த அம்மா உள்ளே போய்ப் புத்தகத்தை எடுத்து வந்தாள்.

பதினொன்றிலும் கடைசித் தாள்களைப் பிரித்தெடுத்தாள். காலடி அடுத்த வீட்டுக்குப் போகும் பக்கமும், அந்த ஒற்றை வரியும் போயின. அந்த இடத்தில் என்ன எழுதுவது என்று மட்டும் தெரியவில்லை. வெள்ளைத் தாளை முன்னால் வைத்துக்கொண்டு மூன்று நாள் உட்கார்ந்திருந்தாள். வாலு பக்கத்தில் வந்து நின்று பார்த்தது.

"நீங்க மாத்தி எழுதினா அவரும் மாத்திப்பாரா அத்தை?"

பிள்ளை இன்னும் உறங்கவில்லை. கண்ணுக்குக் கீழே கருத்துப்போய், நெற்றி கொதித்தது. நான்காம் நாள் மத்தியானம் தம்பி மனைவி மருந்து வாங்கப் போனபோது, சீட்டக்கா வீட்டுக் கூடத்தில் பிள்ளையைப் படுக்க வைத்து, வாசல் கதவைச் சாத்திவிட்டு, பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். பிள்ளையின் கண் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தது. இமை கனத்தது. ஒரு முறை திடுக்கிட்டுத் திறந்தது. அப்புறம் மூடிக்கொண்டது. வாய் லேசாகத் திறந்து, எத்தனையோ நாளுக்குப் பிறகு, பிள்ளை கட்டையாக உறங்கிவிட்டது.

அப்போது கூப்பிட்டது.

வெளியே, படிக்குக் கீழே, தெருவிலிருந்து. பிள்ளையின் முழுப் பெயர். கத்தல் இல்லை, காதோரம் சொன்னதுபோல. அது சீட்டக்காவின் குரல். அவள் கையால் தன் வாயைத் தொட்டுப் பார்த்தாள். உதடு மூடித்தான் இருந்தது.

இதுதான் மூன்றாவது. எழுப்பிவிட அவள் கை தானாகப் பிள்ளையின் தோள்வரை போய்விட்டது. எழுப்பினால் பிள்ளை "வந்துட்டேன்" என்று சொல்லிவிடும். எண்ணிக்கையிலிருந்து தப்பித்துவிடும். ஆனால் அதற்கப்புறம் இந்தப் பிள்ளை சாகும்வரை உறங்காது. எழுப்பாவிட்டால்... நான் பெஞ்சில் உட்கார்ந்து சொன்னது பொய்யாக இருந்துவிட்டால்?

கையைத் திரும்ப இழுத்துக்கொண்டாள். மடியில் வைத்து இன்னொரு கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டாள். பழக்கம் விடாமல் மனதுக்குள் எண்ணினாள். ஒன்று. இரண்டு. மூன்று. நான்கு. ஐந்து.

காலடி ஓசைக்காகக் காத்திருந்தாள். அடுத்த வீட்டு வாசல் இருபது அடிகூட இல்லை. சரளைக்கல் போட்ட தெரு, யார் நடந்தாலும் கேட்கும். தெருவில் ஒரு சைக்கிள் போனது. எங்கோ ஒரு குழாய் சொட்டியது. எண்ணிக்கை ஐம்பதைத் தாண்டியது. நூற்றைத் தாண்டியது. நடை எதுவும் கேட்கவில்லை. பிறகு, கதவுக்கு அந்தப் பக்கம், வெகுதூரம் நடந்து வந்த ஒருவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெல்ல உட்காரும் சத்தம் கேட்டது. நீளமாக ஒரு மூச்சு. கதவுக்கு அடியில் தெரிந்த வெளிச்சக் கோட்டை ஒரு நிழல் பாதியாக மறைத்தது. மறைத்தபடியே நின்றுவிட்டது.

கதவைத் திறக்கச் சீட்டக்காவுக்குத் தைரியம் வரவில்லை. பயம் இருந்தது. ஆனால் அந்தப் பயத்துக்குள்ளேயே, நெஞ்சில் வருஷக்கணக்காக இறுகிக் கிடந்த ஏதோ ஒன்று அவிழ்ந்து தளர்ந்தது. பிள்ளைகளுக்குத் தெரிந்த குரல் இது ஒன்றுதான் என்பதால் கடவுள் இதை இரவல் வாங்கிக்கொண்டு வந்திருக்கிறாரோ என்று நினைத்தாள். தன் குரலுக்கு அந்தத் தகுதி இல்லை என்றும் நினைத்தாள்.

வெயில் சுவரில் ஒரு சாண் இறங்கிய பிறகு வாலு அசைந்தது. கண்ணைத் திறக்காமலே கேட்டது:

"அத்தை, என்னைக் கூப்பிட்டாங்களா?"

"கூப்பிட்டாங்கடா."

பிள்ளை அத்தையின் விரல்களை இறுகப் பிடித்துக்கொண்டது. "மூணாவதா?"

"ஆமா."

"போயிட்டாங்களா?"

சீட்டக்கா கதவடியைப் பார்த்தாள். நிழல் அங்கேயே இருந்தது.

"இல்ல. படியில உக்காந்திருக்காங்க."

"எதுக்கு?"

"நீ எந்திரிக்கட்டும்னு."

வாலு பிடித்திருந்த விரல்களை ஒவ்வொன்றாக விட்டது. பிறகு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்து, காலை மடக்கிக்கொண்டு, மறுபடி உறங்கிப்போனது.